ஸ்டாப்பர் பிராங்கிளினின் தலை

கல்மண்டபத்தில் பிராங்கிளின் வீடு எது என்று கேட்டால் பத்துப் பேர் கை காட்டுவார்கள். மூன்றாவது டிவிஷனில் ஃபுட்பால் ஆடும் ஒரு தடுப்பாட்டக்காரனுக்கு அதுவே பெரிசு. கோல் போடுகிறவனைத்தான் தோளில் தூக்குவார்கள். கோல் விழாமல் காப்பவனை, கோல் விழுந்த அன்றைக்குத் திட்டுவதற்கு மட்டும் நினைத்துக்கொள்வார்கள். பதினைந்து வருஷம் ஆடிய பிராங்கிளின் அடித்தது ஒரே ஒரு கோல். அதுவும் எங்கள் பக்கத்துக் கோலில்.

என் பஞ்சர் கடை கிரவுண்டு கேட்டை ஒட்டி இருக்கிறது. அவன் ஆடியதில் முக்கால்வாசியை, டியூபைத் தண்ணீரில் அமுக்கிக்கொண்டே பார்த்தவன் நான். ஸ்டாப்பர் என்றால் கோலுக்கு முன்னால் நடுவில் நிற்கிறவன். எதிராளி எவ்வளவு உயரத்தில் பந்தை அனுப்பினாலும் பிராங்கிளினின் தலை அங்கே போய் நிற்கும். கால் அவனுக்குச் சுமார்தான். தலைதான் சோறு போட்டது. அந்தத் தலைக்காகத்தான் டீம் செகரட்டரி கிருஷ்ணப்பன், திருவொற்றியூரில் தன் மச்சான் நடத்தும் கன்டெய்னர் யார்டில் அவனைச் சேர்த்துவிட்டார். பின்பக்கமாக நகரும் டிரெய்லர்களுக்கு வழி சொல்லிக் கை காட்டும் வேலை.

முதல் டிவிஷன் டீம் ஒன்று அவனை ஒருமுறை கூப்பிட்டது. "நான் போனா நம்ம டீம் கீழ எறங்கிடும் அண்ணே" என்று என்னிடம் சொல்லிவிட்டு இங்கேயே தங்கிவிட்டான். பைத்தியக்காரன். அந்த வருஷமும் டீம் இறங்கத்தான் செய்தது.

தலையில் அடிபட்டு ஆட்டக்காரன் விழுந்தால் ரெஃப்ரி வந்து பார்ப்பார். எங்கள் மட்டத்தில் கிரவுண்டில் டாக்டர் எல்லாம் ஏது? ஒரு ஐஸ் பை, ஒரு பன்னீர் சோடா, அவ்வளவுதான். கோல்கீப்பர் உபைதுல்லா எல்லோருக்கும் முந்தி ஓடிப்போய், பிராங்கிளின் முகத்துக்கு நேரே விரலை நீட்டி "எத்தினி?" என்பான். "ரெண்டு" என்பான் இவன். ரெஃப்ரி தலையாட்டிவிட்டு விசில் ஊதுவார். உபைதுல்லா காட்டுவது எப்போதும் ரெண்டு விரல்தான். ஸ்டாப்பர் வெளியே போனால் டீம் கவிழ்ந்துவிடுமே என்று ரெண்டு தோஸ்துகளும் செய்துகொண்ட ஏற்பாடு அது. ஏரியாவுக்கே தெரியும். டீக்கடையில் எவனாவது தடுக்கி விழுந்தால்கூட "எத்தினி?" என்று கேட்டுச் சிரிப்போம்.

போன மழைக்காலம் முடிந்த பிறகு ஒருநாள் பிராங்கிளின் என் கடை வாசலில் பைக்கை நிறுத்தினான்.

"அண்ணே, கல்மண்டபத்துக்கு எப்டி போறது?"

சொந்த ஏரியாவுக்கே வழி கேட்டுக் கிண்டல் பண்ணுகிறான் என்று நினைத்தேன். "இப்டியே நேரா போய் கடல்ல வுழு" என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. நேராகத்தான் போனான். மீன்பிடித் துறைமுகத்து வாசலில் பைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றவனை அவன் மனைவி ஜானட் போய் அழைத்து வந்தாள். எனக்கு அன்று முழுக்கக் கை வேலையில் ஓடவில்லை.

டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு ஒளிவுமறைவில்லாமல் சொல்லியிருக்கிறார். தலையில் இன்னும் ஒரு அடி விழுந்தால் பார்வை போகலாம், ஆளே போகலாம். பந்தில் தலை படவே கூடாது. ஜானட் இதை என்னிடம் சொன்னபோது பிராங்கிளினும் பக்கத்தில்தான் இருந்தான்.

"யார்டுல சொல்லிட்டியா?" என்று கேட்டேன்.

"சொன்னா வேலை பூடும்ணே. கிருஷ்ணப்பன் சார் இந்த ஃபைனல் மட்டும் ஆடுன்றாரு. தலைய குடுக்க மாட்டேன். மாதா மேல சத்தியம், கால்லயே ஆடறேன்."

ஜானட் வெடித்தாள். "உன் கைய நம்பி டிரைவர் வண்டிய பின்னால வுடறான். நீ எத நம்பிய்யா அதுக்குப் பின்னால நிக்கிற?"

அவன் நெற்றியை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

ஃபைனல் அன்று காலையில் தூறல். எண்ணூர்ப் பக்கமிருந்து வந்த புகை கலையாமல் கிரவுண்டு மேலேயே கவிந்திருந்தது. நனைந்த பந்து கல் மாதிரி கனக்கும். கடையைச் சாத்திவிட்டு உள்ளே போய் ஜானட் பக்கத்தில் நின்றேன்.

பிராங்கிளின் சத்தியத்தைக் காப்பாற்றினான். உயரப் பந்து வந்தபோதெல்லாம் குனிந்துகொண்டான். "இன்னாடா, முடி கலைஞ்சிருமா?" என்று கத்தினார்கள். கிருஷ்ணப்பனும் சேர்ந்து கத்தினார். அந்த ஆளை அங்கேயே அறைந்திருக்க வேண்டும்.

நாங்கள் ஒரு கோல் முன்னால் இருந்தோம். ஆட்டம் முடிகிற நேரம், அவர்களுக்கு ஒரு கார்னர் கிடைத்தது. பந்தைப் பிடிக்க எழும்பிய உபைதுல்லா சேற்றில் வழுக்கி விழுந்தான். கோல் திறந்து கிடந்தது. பந்து வந்தது.

"வாணாம்!" என்று ஜானட் அலறினாள்.

பதினைந்து வருஷப் பழக்கம் யார் சொல்லைக் கேட்கும்? பிராங்கிளின் எழும்பினான். பந்தும் எதிராளியின் தலையும் ஒன்றாக வந்து மோதின. அந்தச் சத்தம் எங்கள் வரைக்கும் கேட்டது. பந்து கோட்டுக்கு வெளியே போனது. அவன் மல்லாந்து விழுந்தான்.

உபைதுல்லா தவழ்ந்தே போய் விரலை நீட்டினான். "எத்தினி மாமு?"

"ரெண்டு."

ரெஃப்ரி தலையாட்டினார். கொஞ்ச நேரத்தில் கடைசி விசிலும் ஊதிவிட்டார். கூட்டம் உள்ளே பாய்ந்தது. முதல்முறையாகப் பிராங்கிளினைத் தோளில் தூக்கினார்கள். சுற்றி வந்து ஜானட் முன்னால் இறக்கிவிட்டார்கள். அவனுடைய பையை ரெண்டு கையாலும் மார்போடு இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள் அவள்.

உபைதுல்லா சிரித்துக்கொண்டே, "நீயும் கேட்டுக்கோ அண்ணி" என்றான்.

ஜானட் பையிலிருந்து கையை எடுக்கவில்லை. "எத்தினி?" என்று மட்டும் கேட்டாள்.

குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பிய பிராங்கிளின், அவளுக்குச் சற்றுத் தள்ளி வெற்றிடத்தைப் பார்த்துச் சிரித்தான்.

"ரெண்டு" என்றான்.