பிளக்கைக் கழட்டாதேங்கோ, மெயில் இறங்குது

கொம்பியூட்டர் திருத்தும் வேலையில் மெசினோடு போராடும் நேரம் கொஞ்சம்தான். அதற்கு என்ன நடந்தது என்று சொந்தக்காரரிடம் கேட்டு அறிவதற்குத்தான் பாதி நாள் போகும். என்னைப் போல வாய் திறக்கக் கூச்சப்படுகிறவளுக்கு முழு நாளும் போகும். திரையில் ஒரு நீலக்கோடு நகருமா நகராதா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்திருக்கிறீர்களா? அப்படியென்றால் நீங்களும் என் இனம்தான், தயங்காமல் வாசியுங்கள்.

உம்மட சத்தம்

கம்பஸ் முடித்த கையோடு கிளிநொச்சியில் குகன் அண்ணாவின் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். ஒரு வியாழக்கிழமை அவர் வெளியே போயிருந்த நேரம் போன் அடித்தது. யாராவது எடுப்பார்கள் என்று சுற்றிப் பார்த்தேன். கடையில் நான் மட்டும்தான்.

பேசியவர் பரிமளம் அன்ரி. வட்டக்கச்சியில் பெண்கள் சேர்ந்து நெல் அவித்துக் குத்தும் ஒரு சங்கத்தின் தலைவி. அவர்களின் சிவப்பரிசி கொழும்பில் ஒரு கொம்பனிக்குப் பிடித்துவிட்டது. ஓடர் மெயிலில் வரும். வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் சம்மதம் என்று பதில் போகவேண்டும், இல்லாவிட்டால் வேறு சங்கத்துக்குப் போய்விடும். ஊர்ப் பெண்கள் அதை நம்பித் தங்கள் நெல்லை எல்லாம் ஆலையில் கொண்டுவந்து இறக்கிவிட்டார்கள். ஆனால் சங்கத்தின் கொம்பியூட்டரில் இரண்டு கிழமையாக ஒரு மெயிலும் இறங்கவில்லை. மெயில் பெட்டி நிறைந்துவிட்டது, அனுப்புவது திரும்பி வருகிறது என்று கொம்பனியின் கொழும்புக் கிளாக் போனில் சொல்லியிருக்கிறார். பதிவு செய்த முகவரியைத் தவிர வேறு எதற்கும் அனுப்பமாட்டாராம்.

திரையில் என்ன எழுத்து வருகிறது என்று கேட்டேன். கேட்கவில்லை என்றார். மறுபடியும் கேட்டேன். அன்ரி சொன்னார்: "பிள்ளை, உம்மட சத்தமும் எங்கட மெயில் மாதிரித்தான். வெளிக்கிட்டது தெரியுது, வந்து சேரேல்லை."

காலையில வரும்

வெள்ளி காலை ஸ்கூட்டியில் போனேன். ஆலைக்குப் பக்கத்து அறைதான் அலுவலகம். கதிரை, அலுமாரி, சுவரில் இருந்த சரஸ்வதி எல்லாவற்றிலும் தவிடு படிந்திருந்தது. கொம்பியூட்டரை மட்டும் பூப்போட்ட பிளாஸ்ரிக் விரிப்பால் மூடி வைத்திருந்தார்கள். விரிப்பை மடித்து வைத்தவர் செயலாளர் செல்வராணி அக்கா. அவரது அப்பா தேயிலைத் தோட்டத்தில் இருந்து வன்னிக்கு வந்து குடியேறியவர். அக்காவின் பேச்சில் மலையகம் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

மெயில் புரோகிராமைத் திறந்தோம். முதலாவது மெயில் இறங்குகிறது என்று எழுத்து வந்தது. கோடு எறும்பு மாதிரி ஊர்ந்தது. வயர், பாஸ்வேர்ட், வைரஸ் தடுப்பு, செற்றிங்ஸ் எல்லாவற்றையும் பார்த்தேன். ஒன்றிலும் பிழை இல்லை. பிழை இருந்தால் திருத்தலாம். பிழையே இல்லாததை என்ன செய்வது? கடைசியில், ஒவ்வொரு நாளும் இப்படியா என்று அக்காவிடம் கேட்டேன்.

"காலையில வரும் தங்கச்சி. பின்னேரம் வரைக்கும் வந்துக்கிட்டேதான் இருக்கும். பொறகு வராது."

முழக்கம்

பின்னேரம் என்ன நடக்கிறது? அதைக் கேட்டதும் விசயம் வெளியே வந்தது. மாரி மழை தொடங்கமுதல் வரும் மாதம் அது. மத்தியானம் திரும்பினால் இரணைமடுக் குளத்துப் பக்கம் வானம் கறுக்கும். முதல் இடிமுழக்கம் கேட்டதும் பரிமளம் அன்ரி ஆலையில் இருந்து ஓடிவந்து அலுவலகத்தின் பிளக்குகள் எல்லாவற்றையும் கழட்டிவிடுவார். முந்தின வருசம் ஒரு மின்னலில் சங்கத்தின் றவுட்டர் கருகிப்போனது. எங்கள் வீட்டிலும் அம்மா இதைத்தான் செய்வா. வன்னியில் செய்யாத வீடு இல்லை.

வரிசையில் முதலாவதாக ஒரு பெரிய மெயில் நின்றது. மெல்லிய லைனில் அது பாதி இறங்கும்போது முழக்கம், பிளக் கழன்றுவிடும். அடுத்த நாள் திரும்ப முதலில் இருந்து. அதற்குப் பின்னால் நின்றவை ஒன்றும் அசையவில்லை. பெட்டியும் நிறைந்துவிட்டது; அது இறங்கி முடிந்தால்தான் இடம் வரும்.

இதையெல்லாம் நிலத்தைப் பார்த்துக்கொண்டு அன்ரிக்கு விளக்கினேன். இன்றைக்கு மட்டும் பிளக்கைக் கழட்டாமல் விடலாமோ என்றும் கேட்டேன். அன்ரி தலையை ஆட்டினார். "மெயில் நாளைக்கும் வரும் பிள்ளை. மின்னல் சொல்லிப்போட்டு வராது."

வரிசையில் முதல் ஆள்

மெயில்களை முழுதாக இறக்காமல் தலைப்புகளை மட்டும் எடுத்துப் பார்த்தேன். முதலாவது தமிழ்நாட்டில் ஒரு கடையில் இருந்து வந்திருந்தது. பெட்டியில் கிட்டத்தட்ட முழு இடத்தையும் அதுவே பிடித்திருந்தது. தலைப்பு: அப்பா படங்கள்.

வாசலில் நின்ற அன்ரி அது என்ன என்று கேட்டார். ஏதோ படங்கள் என்றேன். சங்கத்தின் பெட்டி படம் போட்டு வைக்கவா இருக்கிறது, அழித்துவிடும் என்று சொன்னார். யார் திருத்தினாலும் அதைத்தான் செய்வார்கள். ஒரு கிளிக், இடம் வந்துவிடும். ஆனால் மெயில் பெட்டியிலேயே அழித்தால் திரும்ப எடுக்க முடியாது. மவுசில் கை வைத்தேன். பக்கத்தில் மேசைத் தவிட்டைத் துடைத்துக்கொண்டிருந்த செல்வராணி அக்காவின் கை நின்றுவிட்டது. துணியை இறுக்கிப் பிடித்திருந்தார்.

ஆலையில் யாரோ கூப்பிட அன்ரி போனார். எனக்குக் கேட்க வாய் வரவில்லை. திரையை அக்காவின் பக்கம் திருப்பினேன். அப்பா யுத்தத்தின் கடைசி இடம்பெயர்வில் இறந்துபோனார், படங்கள் எல்லாம் வீட்டோடு போயின என்றார். தமிழ்நாட்டில் பெரியப்பா வீட்டில் ஒரு பழைய ஆல்பம் இருந்திருக்கிறது. அதைக் கடையில் ஸ்கான் பண்ணி அனுப்ப மெயில் முகவரி கேட்டார்கள். தனக்கென்று ஒன்று இல்லாததால் சங்கத்துடையதைக் கொடுத்துவிட்டார். அன்ரியிடம் சொல்லப் பயம். திரும்ப அனுப்பச் சொல்லலாமே என்றேன். ஆல்பம் பிறகு வெள்ளத்தில் நனைந்து ஒட்டிப்போய்விட்டதாம், கடைக்காரரும் ஒன்றும் வைத்திருக்கவில்லையாம். இந்த மெயில்தான் மிச்சம்.

அக்கா துணியை மடித்து மேசையில் வைத்தார். "நீ அழிச்சிரு தங்கச்சி. அத்தன பேரோட நெல்லு கெடக்கு."

பற்றறி

அழிக்கவில்லை. குகன் அண்ணாவுக்கு மெசேஜ் போட்டேன். பேசுவதைவிட எனக்கு அது சுகம். கரண்ட் போனாலும் கொஞ்ச நேரம் கொம்பியூட்டரை ஓடவைக்கும் யு.பி.எஸ். பெட்டி ஒன்றை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தார். றவுட்டர் எப்படியும் கழட்டப்படும் என்பதால் என் போனை வயரால் கொழுவி அதன் டேட்டாவில் இறக்கத் தீர்மானித்தோம். எல்லாம் மெயில் இறங்கத் தொடங்கமுதலே செய்யவேண்டும். இடையில் எதை மாற்றினாலும் திரும்ப முதலில் இருந்துதான்.

கோடு நகரத் தொடங்கும்போது மத்தியானம் ஆகிவிட்டது. அண்ணா ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டே யு.பி.எஸ். பெட்டியைக் காலால் தட்டினார். "பழைய பற்றறி. இதை நம்பி உலை வைக்காத."

தொடாதேங்கோ

மூன்று மணிக்கு முன்னமே அறை இருட்டியது. கோடு முக்கால்வாசி தாண்டியிருந்தது. முதல் முழக்கம் கேட்டது. ஆலையின் சத்தம் நின்றது. அன்ரியின் செருப்புச் சத்தம் முற்றத்தில் கேட்டது. உள்ளே வந்து யாரையும் பார்க்காமல் றவுட்டரைக் கழட்டினார், மின்விசிறியைக் கழட்டினார், கடைசியாகச் சுவரில் இருந்த எங்கள் பிளக்கையும் இழுத்தார்.

பெட்டி பீப் என்று கத்தத் தொடங்கியது. திரை அணையவில்லை. அன்ரி திடுக்கிட்டுப் பெட்டியைப் பார்த்தார், பிறகு அதை நிறுத்தக் கையை நீட்டினார். அப்போது அந்த அறையில் ஒரு பெரிய சத்தம் கேட்டது. அது என்னுடையது: தொடாதேங்கோ அன்ரி!

அவர் கையை எடுத்துக்கொண்டார். மூன்று பேரும் கோட்டைப் பார்த்தோம். பீப் சத்தம் நெருங்கி நெருங்கி வந்தது. கோடு முடிவில் நின்றது, நின்றது, பிறகு மறைந்தது. பின்னால் நின்ற மெயில்கள் படபடவென்று விழுந்தன. செல்வராணி அக்கா கொழும்புக்குப் போன் எடுத்து, இப்ப அனுப்புங்க என்றார். ஓடர் வந்தது. அக்கா ஒவ்வொரு எழுத்தாகத் தேடிக் குத்தி, சம்மதம் என்று பதில் அனுப்பினார். அடுத்த பீப்போடு திரை கறுத்துவிட்டது.

போனதா, போகவில்லையா? கிளாக்குக்குத் திரும்பப் போன் எடுத்தோம். அவர் தேடிப் பார்த்துவிட்டு, கிடைத்தது என்றார். அன்ரி கதிரையில் தொப்பென்று இருந்தார். "இந்தச் சத்தத்தை நேற்று போனிலயே காட்டியிருக்கலாமே பிள்ளை."

அப்பா படங்கள்

மழை விட்ட பிறகு அன்ரியே பிளக்கைக் கொழுவினார். ஓடரைத் தன் கண்ணால் பார்க்கவேண்டும் என்றார். புரோகிராமைத் திறந்தபோது முதல் வரியில் அந்த மெயிலும் இருந்தது. அழிக்கச் சொன்னது இன்னும் இருக்கிறதே என்று கேட்டார். நான் செல்வராணி அக்காவைப் பார்த்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, அது தன்னுடையது என்றார். நான் படத்தைத் திறந்தேன்.

ஸ்ரூடியோ ஒன்றில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். பெரிய சேர்ட்டுக்குள் ஒல்லியான ஒரு இளைஞன் விறைப்பாக நிற்கிறான், கையில் அழுகிற குழந்தை. அன்ரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்ட வந்தார். கன நேரம் பார்த்தார். ஓடரைப் பற்றி அவர் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. பிறின்ரரில் பேப்பர் இருக்கிறதா என்று மட்டும் என்னிடம் கேட்டார். செல்வராணி அக்கா விரலால் திரையைத் தொடப்போய், தொடாமல் கையை எடுத்தார்.

"அப்பா என்னையவிட சின்னப் பொடியனா இருக்காரே."

இப்போதெல்லாம் மெயில் இறங்கவில்லை என்று யாராவது கூப்பிட்டால், நான் செற்றிங்ஸைப் பற்றிக் கேட்கமுதல், அங்கே வானம் எப்படி இருக்கிறது என்றுதான் கேட்கிறேன், அதுவும் கேட்கிற மாதிரிச் சத்தமாக.