கள்ளு விட்ட பணிஸ்

போன கிழமை கனடாவில் இருக்கிற என் மச்சாள் ஒரு வீடியோ போட்டிருந்தாள். மச்சாள் என்றால் அப்பாவின் அக்கா மகள். அந்த அக்காவை நான் பெரிய மாமி என்றுதான் கூப்பிடுவேன். உயிர்த்த ஞாயிறுக்குப் பணிஸ், அதுதான் இனிப்பு பன், சுடுவது எப்படியென்று மச்சாள் பளபளக்கிற குசினியில் நின்று காட்டுகிறாள். கறுவாத் தூள், சாதிக்காய், பிளம்ஸ் என்கிற உலர்ந்த திராட்சை, சீனிப்பாகில் காய்ச்சிய பூசணித் தோசி எல்லாம் சின்னச் சின்னக் கண்ணாடிக் கிண்ணங்களில். நானும் வாயூறிக்கொண்டு பார்த்தேன். பிறகு மாவைத் தூக்கிக் காட்டிச் சொன்னாள்: “இதுதான் எங்கட அம்மாட ரகசியம். அவ ஈஸ்ட் போடமாட்டா, தென்னங்கள்ளுத்தான் விடுவா. இங்க கள்ளு இல்ல, நான் பியர் விடுறன்.”

பெரிய மாமி தன் வாழ்நாளில் கள்ளுப் போத்தலைத் தொட்டவள் இல்லை. அப்பத்துக்குக் கள்ளு விடுகிற வீடுகளைக்கூட ஒரு மாதிரியாகப் பேசுவாள். கீழே கருத்து எழுதும் இடத்தில் நீளமாக எழுதினேன், எழுத்துப் பிழையோடு. அழித்தேன். திரும்ப எழுதினேன். அனுப்பப்போன அவசரத்தில் விரல் தடுக்கி, எழுதியது போய் ஒரு சிவப்பு இதயம் போய்ச் சேர்ந்தது. என்னுடைய கோபம் எப்போதும் இப்படித்தான் முடியும்.

விடவில்லை, போன் எடுத்துக் கேட்டேன். அது என் அம்மா சுட்ட பணிஸ் என்றேன். மச்சாள் சாந்தமாகச் சொன்னாள்: “அம்மா அப்பிடித்தான் சொன்னவ. இப்ப ஆர் சுட்டா என்ன மச்சாள், எல்லாம் ஒரே குடும்பந்தானே.”

ஒரே குடும்பம். கறுவா வறுபடும் வாசனை எங்கே வந்தாலும் எனக்கு அந்த ஒரே குடும்பம் ஞாபகத்துக்கு வரும். அம்மா மண்டூர்க்காரி, வயல் செய்கிற சைவக் குடும்பம். தபால் கந்தோரில் கிளாக்காக இருந்த அப்பாவைக் கட்டுவதற்காக ஞானஸ்நானம் எடுத்து, புளியந்தீவில் அப்பாவின் வேதக்கார வீட்டுக்கு வந்தவள். அந்த வீட்டை ஆண்டது பெரிய மாமி. புருசனை இழந்து மகளோடு தம்பி வீட்டில் இருந்தாள். அப்பாவைச் சின்ன வயதிலிருந்து வளர்த்ததும் அவள்தான்.

உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய தபசு காலம் முடிகிற கிழமையில் அம்மாவின் பாடு பெரும்பாடு. கறுவா இடிப்பது, பிளம்ஸ் துப்பரவாக்குவது, தேங்காய்ச் சிரட்டை எரித்துத் தணலாக்குவது எல்லாம் அவள் வேலை. மாப் பிசைவது மட்டும் மாமி. ஒருமுறை அம்மா மாச் சட்டிக்குக் கை நீட்டினாள். மாமி அந்தக் கையை மெல்லத் தள்ளிவிட்டு, “நீ தணலப் பாரு. இது வேதக்காரக் கை பிசையிற மா” என்றாள். ஒவ்வொரு ஞாயிறும் அம்மா அவளுக்குப் பக்கத்தில்தான் கோயிலில் முழந்தாளிட்டு இருந்தாள். அந்தக் கை இன்னும் வேதக்காரக் கை ஆகவில்லையாம்.

மாமியின் பணிஸைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். தேத்தண்ணியில் ஊறப்போடாமல் கடித்தால் பல்லுக்கு நான் உத்தரவாதம் இல்லை.

எனக்குப் பன்னிரண்டு வயதாக இருந்த வருடம், பெரிய வெள்ளிக்கு முதல் கிழமை மாமி கிணற்றடியில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். கையில் மாக்கட்டு. மச்சாள் அந்த வருடம் வெளியூரில் மடத்துப் பள்ளியில் தங்கிப் படித்தாள், பெருநாளுக்கு வீட்டில் இல்லை. சனிக்கிழமை அம்மா அப்பாவிடம் ஒரு போத்தல் தென்னங்கள்ளு கேட்டாள். மண்டூரில் அப்பத்துக்கு அதைத்தான் விடுவார்கள். அப்பா சைக்கிளில் கள்ளுத் தவறணைக்குப் போய், மழையே இல்லாத கொளுத்துகிற வெயிலில், போத்தலை மழைக்கோட்டுக்குள் சுற்றிக்கொண்டு வந்தார். இதை ஏன் சொல்கிறேன் என்றால், அப்பாவுக்கு எல்லாம் தெரியும். கள்ளு வாங்கியதே அவர்தான்.

மாமி அன்று பகல் முழுக்க அறையில் படுத்திருந்தாள். அம்மா பிசைந்து மூடிவைத்த மா பின்னேரம் சட்டிக்கு வெளியே எட்டிப் பார்த்தது. அண்டாவின் அடியில் மணல் பரப்பி, மேலே தகரத்தில் தணல் போட்டுச் சுட்டாள். முதல் பணிஸைப் பிட்டு எனக்குப் பாதி தந்தாள். பஞ்சு. அம்மா மற்றப் பாதியை நின்றபடியே மெல்லமெல்லத் தின்றாள்.

ஞாயிறு பூசை முடிந்து பங்குக் குருவான சுவாமி காலைச் சாப்பாட்டுக்கு வந்தார். ஒன்றைத் தின்று இன்னொன்றை எடுத்துக்கொண்டு, இவ்வளவு காலத்தில் இப்படியொரு பணிஸ் இந்த வீட்டில் தின்றதில்லை என்றார். மாக்கட்டுக் கையை மடியில் வைத்தபடி மாமி சொன்னாள்: “எங்கட அம்மாட பக்குவம் சுவாமி. கை ஏலாட்டியும் பக்கத்தில இருந்து ஒவ்வொண்டாச் சொல்லிக் குடுத்த நான்.”

அம்மா தேத்தண்ணிக் கேத்தலோடு குசினி வாசலில் நின்றாள். நான் சொன்னேன்: “மாமி படுத்துக் கிடந்தவ. அம்மாதான் செஞ்சவ.”

எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். அப்பா தன் கோப்பையைப் பார்த்தார். “பெரியாக்கள் கதைக்கக்குள்ள வாயப் பொத்து” என்றார், என்னிடம். சுவாமி பாடகர் குழுவைப் பற்றி ஏதோ கேட்டார். அம்மா எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றினாள், மாமிக்கும்.

மறுநாள் விடிய அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு மண்டூருக்குப் போய்விட்டாள். சித்திரை வருசப் பிறப்பு முடிந்த பிறகுதான் வந்தாள். சண்டை ஒன்றும் பிடிக்கவில்லை. ஆனால் அடுத்த வருடத்திலிருந்து பெரிய வெள்ளி முடிந்ததும் மாவும் பிளம்ஸும் கட்டிக்கொண்டு மண்டூருக்குப் புறப்பட்டுவிடுவாள். அங்கே தன் அண்ணனான என் மாமாவின் வீட்டு முருகன் படத்துக்குக் கீழே இருந்து செபமாலை சொல்லிவிட்டு முற்றத்தில் அடுப்பு மூட்டுவாள். அந்தப் பணிஸை மாமா சாக்குப் பையில் வயல் வட்டைக்குக் கொண்டுபோய் வேலைக்காரரோடு பகிர்ந்து தின்பார். புளியந்தீவில் மாமி, மணிக்கட்டு சரியாகி, பழையபடி கல்லுச் சுட்டாள்.

மூன்றாம் வருடம் அப்பா சைக்கிளோடு பாதை என்கிற மிதவைப் படகில் ஏறி வாவியைக் கடந்து வந்தார். முற்றத்தில் இருந்து இரண்டு பணிஸ் தின்றார். “நல்லா வந்திரிக்கி” என்றார்.

அம்மா தணலைத் தள்ளிக்கொண்டே சொன்னாள்: “அது எனக்குத் தெரியும். உங்கட அக்காட்டச் சொல்லுங்க. சுவாமிட்டச் சொல்லுங்க.”

“ஓம், சொல்லுறன்” என்றார் அப்பா.

சொல்லவில்லை. அடுத்த வருடம் அம்மா சொன்னீங்களா என்று ஒருமுறை கேட்டாள். அதற்குப் பிறகு கேட்கவேயில்லை. போர் தொடங்கிப் பிரச்சினைக் காலம் வந்து மண்டூருக்குப் போகிற வழி அடைபட்டபோது பணிஸ் சுடுவதையும் விட்டுவிட்டாள். புளியந்தீவு வீட்டு அடுப்பில் அந்த ஒருமுறைக்குப் பிறகு ஒன்றுகூடச் சுடவில்லை. மாமி மகளோடு கனடாவுக்குப் போனாள், அங்கேயே கண்ணை மூடினாள். அன்று குசினி மூலையில் கிடந்த வெறும் போத்தலைக் கண்டிருப்பாள்போல, கள்ளுக் கதையையும் கொண்டு போயிருக்கிறாள் என்பது போன கிழமைதான் தெரிந்தது.

அப்பா கடைசியாகப் படுக்கையில் கிடந்தபோது, ஏனப்பா சொல்லவில்லை என்று கேட்டேன். “அக்கா என்னை வளத்தவ. எப்பிடிச் சொல்லுற” என்றார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. கோபமும் இருந்தது. பாவத்துக்காகக் கோபத்தைக் கைவிட வேண்டுமா? நான் விடவில்லை.

புளியந்தீவு வீட்டை வாங்கியவர்கள் இடித்து மாடிக் கட்டடம் எழுப்பிவிட்டார்கள். சுவாமி இல்லை, மண்டூர் மாமா இல்லை. அம்மா போயும் ஒன்பது வருடமாகிறது. அந்த மேசையில் இருந்தவர்களில் நடந்ததைப் பார்த்த ஆளென்று மிஞ்சியிருப்பது நான் மட்டும்தான். நான் சொல்லி என்ன? நான் அன்றைக்கே சொன்னவள்தானே. தலையை நிமிர்த்தி ‘இவதான் செஞ்சவ’ என்று சொல்லியிருக்க வேண்டிய ஒரே மனிதர் சொல்லாமலே போய்விட்டார். அதைக் காதால் கேட்டிருக்க வேண்டியவள் கேட்காமலே போய்விட்டாள்.