சோப்கோவின் அட்டை

ஏரிக்கரையில இருக்கற எங்க லொரெய்ன் ஊர்ல யார் கையிலிருந்தாவது தட்டு நழுவி விழுந்தா, "சோப்கோ பண்ணிட்டியா?"ன்னுதான் கேப்பாங்க. முட்டை உடைஞ்சா சோப்கோ. சாவி சாக்கடையில விழுந்தா சோப்கோ. கல்யாண வீட்டுல மாப்பிள்ளை மோதிரத்தைக் கீழ போட்டான்னா பாதிரியாரே சிரிப்பை அடக்க உதட்டைக் கடிச்சுக்குவார். சின்னப் பசங்க பாதிப் பேருக்கு அது ஒரு மனுஷனோட பேருங்கறதே தெரியாது. அந்த மனுஷன் எங்க வீட்டுக்கு ரெண்டு தெரு தள்ளித்தான் இருந்தார்.

எமில் சோப்கோ. எழுபதுகள்ல ஒரு வருஷம் ஏரிக்கரை டீமுக்கு ஃபுட்பால் ஆடினவர். காலால உதைக்கிற ஆட்டம் இல்ல, பந்தைக் கையில பிடிச்சுக்கிட்டு ஓடற எங்க ஆட்டம். அந்த சீசனோட கடைசி ஆட்டத்துல, கோட்டுக்கு அந்தப் பக்கம் தனியா நின்னவருக்கு பந்து நேரா வந்துது. பிடிச்சா ஜெயிப்பு. கையில பட்டுது, விழுந்துது. சீசன் முடிஞ்சுது. டீமும் அவரை அனுப்பிட்டாங்க. ஊருக்கு வந்து வீடு வீடா பாய்லர் ரிப்பேர் பண்ணினார். அவர் கையிலிருந்து ஸ்பானர் நழுவினா போதும், வீட்டுக்காரன் அடக்க மாட்டாம சிரிச்சுடுவான். "வர்ற வழியில எதிர் டீம்காரன் எவனோட விரலோ பட்டுது, பந்து திரும்பிடுச்சு"ன்னு அவர் சொல்லுவார். யார் நம்பினா?

நான் சொல்ல வந்தது என் வீட்டுக்காரர் ஆர்வில் ஹூடாக் கதை. எமில் இல்லாம அதைச் சொல்ல முடியாது, அதான்.

என் வீட்டுக்காரர் குழாய் ஆலையில தரம் பாக்கற வேலை. ஒரு மயிரிழை கோணல் இருந்தாலும் குழாயை ஒதுக்கிடுவார். அதே ஆலையில என் சொந்தத் தம்பி லெஸ்டர் போட்ட குழாயை லோடு லோடா ஒதுக்கினதுல, அவன் ஒரு கிறிஸ்துமஸ் முழுக்க எங்க வீட்டுப் படி ஏறல. "தம்பிங்கறதுக்காக வளைஞ்ச குழாய் நேராயிடுமா, வெர்னா?"ன்னார். அதுக்கு இன்னும் எனக்குக் கோபம் இருக்கு. ஆனா வெளியில சொல்லும்போது பெருமையாத்தான் சொல்லுவேன். சீட்டாட்டத்துல சண்டை வந்தா, பக்கத்து வீட்டு வேலி தகராறு வந்தா, "ஆர்வில்கிட்ட கேளு, அவன் சொன்னா சரி"ன்னு சொல்லுவாங்க. நானும் தலையை நிமிர்த்திக்கிட்டுத்தான் திரிஞ்சேன்.

ஆலையிலிருந்து ஓய்வு வாங்கினதும் மனுஷன் எங்க சாப்பாட்டு மேசையைப் பிடிச்சுக்கிட்டார். எமில் ஆடின அந்தப் பழைய சீசனைப் பகடை உருட்டித் திரும்ப ஆடற கிறுக்கு பிடிச்சுடுச்சு. கடையில விக்கிற செட்டெல்லாம் வேணாம், தானே செய்வாராம். அந்த வருஷம் ஆடின ஒவ்வொருத்தனுக்கும் ஒரு அட்டை. சிவப்புப் பகடை ஒண்ணு, வெள்ளை ஒண்ணு. ரெண்டையும் உருட்டி, வர்ற எண்ணை அட்டையில பாத்தா, பக்கத்துல 'பிடித்தான்', 'விட்டான்'னு எழுதியிருக்கும். நிஜத்துல அதிகமா பிடிச்சவன் அட்டையில 'பிடித்தான்' அதிகம். அவ்வளவுதான் விஷயம். ஆனா அதுக்கு அவர் பட்ட பாடு இருக்கே! ஒரு ஞாயித்துக்கிழமை காத்து எந்தப் பக்கம் அடிச்சுதுன்னு தெரிஞ்சுக்க, முதியோர் இல்லத்துல கிடக்கற ஒரு பழைய பத்திரிகைக்காரரைப் போன்ல போட்டுத் தொல்லை பண்ணினார். நான் துணி மடிக்க இடமில்லாம கட்டில்ல வெச்சு மடிச்சேன்.

இதை எப்படியோ எங்க ஸ்லோவாக் ஜனங்களோட கிளப்புல மதுபானம் ஊத்தற டெல்பர்ட் மோப்பம் பிடிச்சுட்டான். "சனிக்கிழமை மத்தியானம் இங்க வந்து உருட்டுய்யா, ஆளுக்கு ஒரு தட்டு மீன் விப்பேன்"னான். முதல் வாரம் நாலு கிழவனுங்க வந்தாங்க. அப்புறம் பொண்டாட்டிகளும் வந்தாங்க. இலையுதிர்காலம் முடியறதுக்குள்ள கூடம் நிறைஞ்சுடுச்சு. முடிஞ்சுபோன சீசனுக்கு இவ்வளவு கத்தலா! பகடை தரையில விழுந்தா செல்லாது, மேசை மேல விழுந்தா யார் அழுதாலும் செல்லும். அது என் வீட்டுக்காரர் போட்ட சட்டம். எங்க டீம் தோக்கறப்ப, "ஒரே ஒரு தடவை கண்ணை மூடிக்கிட்டு மாத்திச் சொல்லேன்டா"ன்னு டெல்பர்ட் கெஞ்சுவான். இவர் மூக்குக் கண்ணாடிக்கு மேல ஒரு பார்வை பார்ப்பார். அவன் வாயை மூடிக்குவான்.

கடைசி ஆட்டம் வர்றதுக்கு முன் வாரம் எமில் எங்க வீட்டுக் கதவைத் தட்டினார். தொப்பியைக் கழட்டிக் கையில வெச்சுக்கிட்டு, சமையலறையில நிக்கறார். பொண்டாட்டி செத்துப்போனதிலிருந்து மனுஷன் யார் வீட்டுக்கும் வேலை இல்லாம வந்ததில்ல.

"என்ன எமில், எங்க பாய்லர் நல்லாத்தானே இருக்கு?"ன்னேன்.

"பாய்லருக்கு வரல வெர்னா. வீட்டை வித்தாச்சு. தூரத்துல டூசான்ல இருக்கற பொண்ணு பாலெட் வீட்டுக்கே போயிடப் போறேன்." அப்புறம் என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார். "போறதுக்கு முன்னாடி அந்த ஆட்டத்தைப் பாக்கணும் ஆர்வில். நான் வரலாமா?"

"வராம? முன் வரிசையில உக்காரு."

"பந்து என் பக்கம் வருமான்னே தெரியாது. வந்தா நியாயமா உருட்டு. எனக்குன்னு ஒண்ணும் கூட்டாத, குறைக்காத. இவனுங்க சொல்றதை நான் என்னிக்கும் காதுல போட்டுக்கிட்டது இல்ல. நீ சொல்றதை எடுத்துக்கறேன்."

என் வீட்டுக்காரர் எழுந்து கையை நீட்டினார். ரெண்டு பேரும் கை குலுக்கினாங்க. எனக்கு நெஞ்சு நிறைஞ்சுபோச்சு. காபி ஊத்தி, வால்நட் ரொட்டியில பெரிய துண்டா வெட்டி எமிலுக்கு வெச்சேன்.

சனிக்கிழமை கூடத்துல நிக்க இடமில்ல. எமில் இஸ்திரி போட்ட சட்டையில முன் வரிசையில உக்காந்திருந்தார். டெல்பர்ட் மைக்கைப் பிடிச்சுக்கிட்டு, "இன்னிக்கு எல்லாரும் தட்டை ரெண்டு கையால பிடிச்சுக்கங்க"ன்னான். கூடமே சிரிச்சுது. எமிலும் சிரிச்சார். நான் டெல்பர்ட்டை முறைச்சேன்.

ஆட்டம் ஏறிக்கிட்டும் இறங்கிக்கிட்டும் போச்சு. கடைசியில, அடேயப்பா, அதே மாதிரி வந்து நின்னுது. ஒரே ஒரு வீச்சு பாக்கி, பிடிச்சா ஜெயிப்பு. பந்து யாருக்குன்னு முதல்ல உருட்டணும். உருட்டினார். எமில் சோப்கோவுக்கு.

எமில் தொப்பியை மடியில வெச்சு ரெண்டு கையாலயும் அழுத்திக்கிட்டிருந்தார். என் வீட்டுக்காரர் பகடையைக் குலுக்கி விட்டார். சிவப்பு நாலு, வெள்ளை மூணு, அதாவது நாப்பத்திமூணு. எமிலோட அட்டையை எடுத்தார், விரலை வெச்சு இறக்கினார். விரல் நின்னுது. நின்ன விரலை அவர் எடுக்கவே இல்ல. அப்புறம் என்னமோ இன்னொருத்தன் அட்டையை எடுத்துப் பார்த்தார். இன்னும் ஒண்ணு.

"என்னய்யா, எழுத்து மறந்துபோச்சா?"ன்னான் டெல்பர்ட்.

என் வீட்டுக்காரர் எமிலைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். "விட்டான்"னார்.

கூரை பிச்சுக்கற மாதிரி எல்லாரும் ஒரே குரல்ல, "சோப்கோ!"ன்னு கத்தினாங்க. மேசையைத் தட்டறாங்க, கண்ணுல தண்ணி வர சிரிக்கறாங்க. எமில் எழுந்து வந்து என் வீட்டுக்காரர் கையைப் பிடிச்சு, "நல்லா நடத்தினே. ரொம்ப நன்றி"ன்னார். தொப்பியை மாட்டிக்கிட்டு வெளியில போயிட்டார்.

வீட்டுக்கு வந்து இவர் கோட்டைக்கூடக் கழட்டாம மேசையில உக்காந்துட்டார். கறி வெச்ச முட்டைக்கோஸ் சுருளைச் சூடு பண்ணி வெச்சேன். தொடல.

"என்னய்யா ஆச்சு? பகடைதானே சொல்லுச்சு, நீயா சொன்னே?"

அட்டைகளை எனக்கு முன்னால வரிசையா வெச்சார். "பாரு"ன்னார். நாப்பத்திமூணுக்கு நேரா எல்லார் அட்டையிலயும் 'பிடித்தான்'. டிக்கர்சன்னு ஒருத்தன், அந்த வருஷம் வாரா வாரம் பந்தைக் கீழ போட்டவன், அவனுக்கும் 'பிடித்தான்'. எமில் அட்டையில மட்டும் மேலிருந்து கீழ வரைக்கும் விட்டான், விட்டான், விட்டான்.

"எமில் அவ்வளவு விட்டாரா?"

"அந்த ஒண்ணுதான் விட்டான். வருஷம் முழுக்க அது ஒண்ணுதான்."

"அப்புறம் எப்படிய்யா இப்படி எழுதினே?"

"மத்தவன் எல்லாருக்கும் பேப்பரைப் பார்த்துப் பார்த்து எழுதினேன். இவன் அட்டைக்கு எதையும் எடுத்துப் பாக்கல வெர்னா. சோப்கோன்னா விடுவான். அதுக்கு எதுக்குப் பாக்கணும்னு கை தானா எழுதிடுச்சு. முன் வாரங்கள்ல அவனுக்கு 'விட்டான்'னு வந்தப்பல்லாம்கூட எனக்கு உறைக்கல. எழுதினதே இன்னிக்குத்தான் என் கண்ணுல பட்டுது."

"அங்கேயேதான் பார்த்துட்டியே! பிடிச்சான்னு சொல்ல வேண்டியதுதானே?"

தலையைக் குனிஞ்சுக்கிட்டார். "எமில் மேல பாவப்பட்டு மாத்திட்டேன்னு நினைப்பாங்கன்னு... என் பேரு கெட்டுடும்னு..."

"உன் பேரா!" எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு சத்தம் வந்துதோ. "முன்னால உக்காந்திருந்த மனுஷன் பேரு சாக்கடையில கிடக்கு, உனக்கு உன் பேரா பெரிசு?" கரண்டியைத் தொட்டியில விட்டெறிஞ்சேன். கத்தி முடிச்ச பிறகு எனக்கே வெக்கமா இருந்தது. அந்தப் பேரைத் தூக்கிக்கிட்டு ஊரெல்லாம் திரிஞ்சவ நான்தானே. லெஸ்டர் குழாயை ஒதுக்கினப்ப என்ன நியாயம் பேசினார்! சொந்தத் தம்பின்னு பாக்காத கண்ணு, ஊர் சிரிப்பைப் பார்த்துப் பயந்துடுச்சு. அவர் அழுதார். கல்யாணமாகி இத்தனை வருஷத்துல அவங்கம்மா செத்தப்ப ஒரு தடவை அழுதார், அவ்வளவுதான். நான் சமாதானம் சொல்லல. "நாளைக்குப் பூசை முடிஞ்சதும் எமில் வீட்டுக்குப் போறோம்"னு மட்டும் சொன்னேன்.

எமில் வீட்டுல எல்லாம் பெட்டி கட்டியாச்சு. உக்காரச் சொல்ல நாற்காலி இல்லைன்னு அவர்தான் சங்கடப்பட்டார். என் வீட்டுக்காரர் நின்னபடியே அட்டைகளை நீட்டினார். நடந்ததை ஒண்ணு விடாம சொன்னார். பேருக்குப் பயந்து வாயை மூடிக்கிட்டதையும் சொன்னார். சொல்லும்போது குரல் சின்னப் பையன் குரலா ஆயிடுச்சு. எனக்கு எங்க பாக்கறதுன்னு தெரியல, பெட்டியில ஒட்டியிருந்த டேப்பைப் பார்த்துக்கிட்டு நின்னேன்.

எமில் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு தன் அட்டையைப் படிச்சார். ரொம்ப நேரம் படிச்சார்.

"புதுசா அட்டை போடறேன் எமில். நியாயமா. இந்தச் சனிக்கிழமை எல்லார் முன்னாலயும் விஷயத்தைச் சொல்லிட்டு, திரும்ப உருட்டறேன்."

"எதுக்கு? இப்ப பிடிச்சா, ஆர்வில் பிடிக்க வெச்சான்னு சொல்லுவாங்க." அட்டையைத் திருப்பிக் கொடுத்தார். "நானே அப்படித்தான் நினைப்பேன்."

அவர் கோபப்பட்டிருந்தா பரவாயில்லைன்னு இருந்தது. நாலு வார்த்தை திட்டியிருந்தாக்கூட நின்னு வாங்கிக்கிட்டிருப்போம்.

"இதைவிட வேற ஒண்ணு இருக்கு ஆர்வில்"னார். "விரல் பட்டுதுன்னு நான் சொல்லுவேன்ல? ஊர்ல ஒருத்தனும் நம்பல. என் பொண்டாட்டி நம்பினா. சாகற வரைக்கும் நம்பினா. பாலெட்டும் நம்பினா. பள்ளிக்கூடத்துல இதுக்காகப் பசங்களை அடிச்சுட்டு வந்து நிப்பா. நேத்து கிளப்பிலிருந்து வந்ததும் அவளுக்குப் போன் போட்டேன். விரல் கிரல் எதுவும் படல கண்ணு, நான்தான் விட்டுட்டேன், உங்கம்மாகிட்டயும் பொய் சொல்லிட்டேன் போலிருக்குன்னு சொல்லிட்டேன்."

"ஏன் எமில்?"னு நான் கேட்டுட்டேன்.

"ஊர் சொன்னப்பல்லாம் நம்பல வெர்னா. இவன் சொன்னதும் நம்பிட்டேன்."

என் வீட்டுக்காரர் சுவத்துல சாய்ஞ்சுக்கிட்டார். "போனைப் போடு. நான் பேசறேன்"னார்.

எமில் வேண்டாம்னு சொல்லல. நம்பரைப் போட்டு, தனக்குக் காது சரியா கேக்காதுங்கறதால ஸ்பீக்கரைப் போட்டு, பெட்டி மேல வெச்சார்.

"பாலெட், நான் ஆர்வில் ஹூடாக் பேசறேம்மா."

"ஐயோ, ஆர்வில் அங்கிள்! நல்லா இருக்கீங்களா?" அழுது வீங்கின குரல், ஆனாலும் மரியாதை. "அப்பா நேத்து உங்களைப் பத்தித்தான் பேசினாரு. ஊர்லயே பொய் சொல்லாத ஆள் நீங்க ஒருத்தர்தானாமே?"

என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார், மூடினார். எமில் ஜன்னல் பக்கம் திரும்பி நின்னுக்கிட்டார்.

"அங்கிள்? லைன்ல இருக்கீங்களா?"

நான் அவர் முதுகுல ஒரு இடி இடிச்சேன்.

"சொல்லுய்யா"ன்னேன்.