அத்தாவைக் காலேஜில் சேர்த்த கதை

கொதிக்கும் சாயாக் கிளாஸை நான் வெறுங்கையால் வாங்கி, ஊர்க் கதை பேசி முடிக்கும்வரை பிடித்துக்கொண்டிருப்பேன். என் லாரி டிரைவர்கள் முண்டு நுனியைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு என்னையே பார்ப்பார்கள். "முதலாளிக்கு இரும்புக் கை" என்பார்கள். இருக்கட்டுமே. ஆறாம் வகுப்போடு நின்றவன் நான். இன்று கொச்சி வல்லார்பாடம் கப்பல் டெர்மினலுக்குப் போகும் குளிர்பெட்டி லாரிகளில் என் பெயர் எழுதியவை எத்தனை என்று பாலத்தடியில் நின்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். யாரும் என்னைத் தூக்கிவிடவில்லை. நானே ஏறினேன்.

போன ஜூனில் மகளின் பையனைத் தேவரா பக்கம் ஒரு சமுதாயக் கல்லூரியில் சேர்க்கக் கூடப் போனேன். ரட்சகர்த்தா உட்காரும் இடம் என்று ஒரு நாற்காலியைக் காட்டினார்கள். கார்டியனுக்கு மலையாளத்தில் அந்தப் பெயர். மேசைக்குப் பின்னால் இருந்த பெண் என் படிப்பைக் கேட்டாள். சொன்னேன். "அது மதி அங்கிளே" என்று சிரித்தாள். அது போதுமாம். எதற்குச் சிரித்தாள்? வீடு வரும்வரை அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். அப்போதுதான் அத்தாவைக் காலேஜில் சேர்த்தது ஞாபகத்துக்கு வந்தது. ஆம், என்னைப் பெற்ற அத்தாவைத்தான். நாங்கள்தான் சேர்த்தோம்.

மட்டாஞ்சேரியில் எங்கள் சந்தில் எல்லாருமே தமிழ் பேசும் ராவுத்தர் வீட்டுக்காரர்கள். அத்தாவுக்கு ஐஸ் வண்டி. தோப்பும்படி ஐஸ் பிளாண்டில் கட்டிகளை ஏற்றி, மரத்தூள் போட்டுச் சாக்கால் மூடி, விடிந்ததிலிருந்து உச்சி வெயில்வரை மீன் கடைகளுக்குத் தள்ளிக்கொண்டு போவார். உடம்பு முழுக்க மீன் வாடை அடிக்கும். அவரிடம் வெள்ளிக்கிழமைக்கு என்று ஒரே ஒரு வெள்ளைச் சட்டை இருந்தது.

நான் ஆறாம் வகுப்பு முடித்த மே மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை அவர் அந்தச் சட்டையைப் போட்டார்.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயதுகூட ஆகவில்லை. ஆனால் உலகம் தெரிந்த பையன். செவ்வாய்க்கிழமையில் மழித்த முகம், அத்தர் வாசனை, கண்ணாடி முன்னால் இரண்டாம் முறை சீவிய தலை. போதாதா? எங்கள் சந்துத் தையல்காரர் ஒருவர் இப்படித்தான் கிழமை தவறிச் சட்டை மாற்ற ஆரம்பித்து, கடைசியில் பள்ளுருத்தியில் இன்னொரு குடும்பம் வைத்திருப்பது தெரியவந்தது. அதற்கு மேல் இன்னொரு சந்தேகமும் எனக்கு இருந்தது. கொஞ்ச நாளாக அத்தா கையிலிருந்து சாயாக் கிளாஸ் நழுவி விழுந்துகொண்டிருந்தது. ஒருமுறை சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் அம்மாவைக் கூப்பிட்டார். கள்ளுக்கடைக்கும் போகிறார் என்று முடிவு கட்டினேன். வாயை முகர்ந்து பார்க்க இரண்டு தடவை அவர் பக்கத்தில் போய்ப் படுத்தேன். மீன் வாடைதான் வந்தது.

அம்மாவும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள், ஒன்றும் கேட்கவில்லை. கேட்காத அம்மா கேட்கும் அம்மாவைவிட ஆபத்தானவள்.

மறுவாரமும் அதே செவ்வாய், அதே சட்டை. அன்று அவர் முகம் வாடித் திரும்பி வந்தார். சோற்றின் முன்னால் உட்கார்ந்து, கைவைக்காமல் சொன்னார்: "ஏ புள்ள, எனக்கு ஒரு ரட்சகர்த்தா வேணுமாம்."

அம்மா கரண்டியை வைத்தாள். "என்ன களவு பண்ணீங்க?"

"களவெல்லாம் இல்ல."

"அப்ப அடிதடியா? எந்த ஸ்டேஷன்?"

"ஸ்டேஷன் இல்லடி. காலேஜு."

அம்மா சோற்றுத் தட்டை ஓரமாக நகர்த்தினாள். பிறகு விஷயம் துண்டு துண்டாக வந்தது. ஐஸ் பிளாண்டில் புது மெஷின் வருகிறது, அதைப் பார்த்துக்கொள்ளப் படித்த ஆள் வேண்டுமென்று முதலாளி சொல்லியிருக்கிறார். பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு டிரஸ்ட் நடத்தும் தொழில் காலேஜில் குளிர்மெஷின் வேலை ஒரு வருஷம் சொல்லிக்கொடுக்கிறார்கள், எட்டாம் வகுப்புப் போதும். அத்தா பாலக்காட்டில் எட்டு படித்தவர். ஆனால் புதிதாகச் சேரும் யாராக இருந்தாலும் ரட்சகர்த்தாவோடு வர வேண்டும், அது சட்டம் என்று கிளார்க் திருப்பி அனுப்பிவிட்டாராம். அத்தாவைப் பெற்றவர்கள் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

"வெள்ளைச் சட்டை காலேஜுக்கா?" என்றாள் அம்மா. "இத நான் நம்பணும்?"

"நம்பாட்டி வந்து பாரு."

"வாறேன். நாளைக்கே வாறேன்." பிறகு என்னைப் பார்த்தாள். "நீயும் வா. நாலு கண்ணு இருந்தா நல்லது."

காலேஜ் என்றால் மணிக்கூண்டு இருக்கும் என்று நினைத்திருந்தேன். அங்கே ஓட்டுக் கூரையும் வரிசையில் நின்ற மீசை முளைக்காத பையன்களும்தான் இருந்தார்கள். பக்கத்தில் அவர்களுடைய அப்பாக்கள். எங்கள் முறை வந்ததும் கிளார்க் என்னை மேலும் கீழும் பார்த்து, "மோன் சின்னவனாச்சே இக்கா, வயசு பத்தாது" என்றார்.

"இவன் இல்ல, நான்" என்றார் அத்தா.

வரிசையில் சிரிப்பு எழுந்தது. "பின்ன ரட்சகர்த்தா எவிடே?" என்றார் கிளார்க். அம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு முன்னால் வந்தாள். அந்த ஆளுக்கு இது ஏதோ ஏமாற்று வேலை என்று பட்டிருக்க வேண்டும். எங்களை நேராகப் பிரின்சிபால் அறைக்குக் கூட்டிப்போனார்.

பிரின்சிபால் வாயைத் திறப்பதற்குள் அம்மா ஆரம்பித்துவிட்டாள். "சாரே, இவரு பக்கத்துல யாரு உக்காருவா?"

"பசங்கதான் இத்தா" என்றார் அவர், அக்கா என்கிற மாதிரி.

"பொம்பளப் புள்ளைங்க உண்டா?"

"டைப்ரைட்டிங் கிளாஸுல உண்டு. மெஷின் கிளாஸுல இல்ல."

"ரெண்டுக்கும் ஒரே வாசலா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வேற வேற வாசல்" என்றார். அம்மா எட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்டாள். என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த நாளிலும் வாத்தியாரை இப்படித்தான் குடைந்தாளாம்.

இப்போது அவர் முறை. மேசை டிராயரைத் திறந்து சின்னத் திருகாணி ஒன்றை எடுத்துப் போட்டு, அத்தாவை எடுக்கச் சொன்னார். அத்தா எடுத்தார், விழுந்தது. மறுபடியும் எடுத்தார். விரலையே உற்றுப் பார்த்துக்கொண்டு, வேறு யாருடைய விரலோ போல, மெதுவாகப் பிடித்துத் தூக்கினார். நெற்றியெல்லாம் வியர்வை.

"கைக்கு என்ன?" என்றார் பிரின்சிபால். அவர் குரலில் சந்தேகம் இருந்தது. எனக்கும்தான். இங்கேயும் குடித்துவிட்டா வந்திருக்கிறார்?

"ஐஸ், சாரே" என்றாள் அம்மா. "மீன் கடைக்கு ஐஸ் வண்டி தள்றாரு, வருஷக்கணக்கா வெறுங்கையில கட்டி தூக்கி மரத்துப் போச்சு. சூடும் தெரியாது, முள்ளு குத்துனாலும் தெரியாது. இப்பவே நிறுத்துனா பாதியாவது திரும்பும்னு தர்மாஸ்பத்திரி டாக்டர் சொன்னாரு."

அத்தா திரும்பி அவளைப் பார்த்தார். அவள் டாக்டரைப் போய்ப் பார்த்ததே அவருக்குத் தெரியாது.

பிரின்சிபால் நாற்காலியில் சாய்ந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் கேட்டாரே ஒரு கேள்வி. "சரி. காலையில ஒன்பதுக்குக் கிளாஸ். மீன் கடையும் அப்பத்தான். இவர் இங்க உக்காந்தா வண்டிய யாரு தள்ளுவா? குடும்பம் உள்ளவங்க ஆசையா வந்து சேருவாங்க, மாசம் முடியறதுக்குள்ள பட்டினின்னு நின்னுடுவாங்க. அந்தச் சீட்டுக்கு வெளிய ஒரு பையன் காத்து நிக்கிறான். தினமும் வருவாருன்னு ரட்சகர்த்தா வாக்குக் குடுத்தா எடுத்துக்கறேன்."

  அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். தோளைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள், காலைப் பார்த்தாள். சட்டையில் பொத்தான் விட்டுப் போயிருக்கிறதோ என்று நான் தடவிப் பார்த்துக்கொண்டேன்.

"வருவாரு" என்றாள். "தெனமும் வருவாரு."

அத்தா ஏதோ சொல்ல வாயெடுத்தார். "நீங்க சும்மா இருங்க. ரட்சகர்த்தா நானாக்கும்" என்றாள்.

திரும்பும்போது பாலத்தடிச் சாயாக்கடையில் எனக்குப் பழம்பொரி வாங்கிக்கொடுத்தாள். தின்று முடித்ததும் இன்னொன்று. கேட்காமல் எதையும் வாங்கித் தராதவள் கேட்காமலே வாங்கித் தந்தால் சும்மா இருக்குமா? எனக்குத் துணுக்கென்றது. என் புறாக்கூண்டை விற்கப் போகிறாள் என்று நினைத்தேன். ஆனாலும் தின்றேன்.

"கொஞ்ச நாளைக்கு வண்டி தள்ளுவியா?" என்றாள்.

எனக்கு வானத்தில் பறப்பது போல ஆகிவிட்டது. வண்டியில் பித்தளை மணி உண்டு. மணி அடித்தால் பஜாரே ஒதுங்கி வழிவிடும். புறா தப்பியது என்பது வேறு சந்தோஷம். அத்தா மட்டும் தன் சாயாவைத் தொடாமல் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். காலேஜுக்குப் போக இப்போதே சோம்பல் என்று எண்ணினேன்.

ஜூன் பிறந்தது, பள்ளிக்கூடம் திறக்கிற அன்று வழக்கம்போல மழையும் வந்தது. வருஷா வருஷம் பள்ளி திறப்புக்கு வீட்டில் ஒரு புதுக் குடை வாங்குவார்கள். அந்த வருஷமும் ஒன்று வாங்கினார்கள். அம்மா வாசலில் நின்று அத்தாவின் காலரைச் சரிசெய்து, அந்தக் குடையை அவர் கையில் கொடுத்தாள். என் தலையில் பிளாஸ்டிக் சாக்கை மடித்து மாட்டிவிட்டாள். என் வகுப்புப் பையன்கள் நனைந்த பைகளோடு ஓடினார்கள். நான் மணியை அடித்து அவர்களை ஒதுங்க வைத்தேன். வீட்டிலேயே முதலில் முதலாளியானவன் நான்தான்!

ஐஸ் பிளாண்டில் கட்டியை ஏற்றிக்கொண்டு திரும்பிப் பார்த்தால், அத்தா பிளாண்ட் வாசலில் நிற்கிறார். காலேஜுக்கு நேரமாகிவிட்டது. அந்த ஆள் போகவில்லை. மீன் கடை திருப்பம்வரை என் வண்டிக்குப் பின்னாலேயே வந்தார். புதுக் குடையை விரிக்கக்கூட இல்லை. கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வெள்ளைச் சட்டை நனைய நனைய நடந்தார்.

வழியில் ஐஸை யாருக்காவது உடைத்து விற்றுவிடுவேனோ என்று என்னை வேவு பார்க்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன்.