இரவல் எஞ்சின்

நீர்வேலிச் சந்தியில் காரை மறித்த பொலிஸ்காரனுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். காருக்கு எழுபது. பரமலிங்கம் கண்ணாடியை இறக்கவில்லை. இறக்கினால் திரும்ப ஏறாது. கதவைத் திறந்துகொண்டு இறங்கினார்.

லைசன்ஸ் இருந்தது. இன்சூரன்ஸ் இருந்தது. புகைச் சான்றிதழும் இருந்தது. வருடத்தில் ஒரு நாள் அந்தக் கார் புகை விடாமல் ஓடும். அது எந்த நாள் என்பது பரமலிங்கத்துக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும்.

பொலிஸ்காரன் காரை ஒருமுறை சுற்றி வந்தான்.

"ஐயா, பின் கதவைக் கயித்தாலை கட்டியிருக்கு."

"அது கதவுக்குச் சொன்னது தம்பி, திறவாதை எண்டு."

"முன் லைற் ரெண்டும் ரெண்டு நிறம்."

"ஒண்டு மழைக்கு."

பின் இருக்கையில் கிளினிக்குக்குப் போகவிருந்த கிழவர் சிரித்துவிட்டார். அதுதான் பிழை. பொலிஸ்காரன் புத்தகத்தை எடுத்து எழுதத் தொடங்கினான். பதினான்கு நாளுக்குள் வாகனப் பரிசோதகரிடம் காட்டித் தகுதி எழுதி வாங்க வேண்டும். வாங்கும்வரை கார் தெருவுக்கு வரக்கூடாது.

பரமலிங்கத்துக்கு வயது அறுபத்தொன்பது. இருபத்தோராவது வயதிலிருந்து வாடகைக்கு ஓடுவது இந்த ஒஸ்ரின் ஏ நாற்பதைத்தான். வேறொரு வேலையும் பார்த்ததில்லை. வேறொரு வேலையும் அவரைக் கேட்டதில்லை. பெண் பிள்ளைகளைக் கலியாணத்துக்கு ஏற்றிப் போனவர், அதே பிள்ளைகளைப் பிள்ளைப்பேற்றுக்கும் ஏற்றிப் போனார். கனடாவிலிருந்து வருகிறவர்கள் இப்போது அந்தக் காரில் சாய்ந்து நின்று படம் எடுக்கிறார்கள். சாய்கிற பக்கம் எது என்பதை அவரே காட்டிக் கொடுப்பார். மற்றப் பக்கம் சாய்ந்தால் மட்காட் கையோடு வரும்.

காரில் ஒஸ்ரின் என்று சொல்ல மிஞ்சியிருந்தது முன் மூஞ்சையும் ஸ்ரியறிங்கும்தான். டைனமோ ஜப்பான் வானுடையது. பிரேக் பம்ப் ஏதோ லொறியிலிருந்து வந்தது. பெற்றோல் தாங்கியின் மூடி ஒரு காலத்தில் ஹோர்லிக்ஸ் போத்தலில் இருந்தது. யாழ்ப்பாணத்தில் சண்டைக் காலத்தில் இப்படித்தான் கார் ஓடியது. பெற்றோல் வராது, சாமான் வராது, கலியாணம் மட்டும் வரும். கார்பிரேற்றருக்குள் நாலு துளி பெற்றோலை விட்டு முடுக்கி, மண்ணெண்ணெயில் ஓடினார்கள். சனத்தை ஏற்றியதா புகையை ஏற்றியதா என்று தெரியாமல் அந்தக் கார்கள் போயின.

பொலிஸ்காரன் தந்த பதினான்கு நாளில் ஒன்பது நாள் பரமலிங்கம் காருக்குக் கீழேயே படுத்திருந்தார். கதவுக்குப் பூட்டு வந்தது. இரண்டு லைற்றும் ஒரே நிறமாயின. கண்ணாடி ஏறவும் இறங்கவும் பழகியது. பத்தாம் நாள் கச்சேரியடியில் இருந்த பரிசோதகரின் அலுவலகத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தினார். பரிசோதகர் பிரேக்கை அமத்திப் பார்த்துவிட்டு, "புதுக் காருக்குக்கூட உப்பிடிப் பிடிக்காது," என்றார். பரமலிங்கம் வாயெல்லாம் பல்லாக நின்றார். பிறகு பரிசோதகர் மண்ணெண்ணெய்ச் சீலையால் எஞ்சினின் பக்கத்தைத் துடைத்தார். முப்பது வருட ஒயில் போனது. அதற்குக் கீழே ஒரு தகடு. அதில் ஒரு நம்பர்.

பரிசோதகர் பதிவுப் புத்தகத்தைப் பார்த்தார். தகட்டைப் பார்த்தார். பிறகு பரமலிங்கத்தைப் பார்த்தார்.

"ஐயா, நம்பர் வேறை. இது ஆற்றை எஞ்சின்?"

இந்தக் கேள்வியை முப்பத்துமூன்று வருடமாக ஒருவரும் கேட்கவில்லை. பரமலிங்கம் அதை மறந்தே போயிருந்தார். மறந்ததாக நினைத்துக்கொண்டிருந்தார்.

"திங்கக்கிழமை கடைசி நாள்," என்றார் பரிசோதகர். "எஞ்சின் எப்பிடி வந்ததெண்டு கடதாசி கொண்டு வாங்கோ. சொந்தக்காரன்ரை சத்தியக்கடதாசி வேணும். இல்லாட்டி இந்தக் கார் இனி வளவுக்குள்ளைதான்."

அந்த எஞ்சின் மானிப்பாய் எட்வேர்டுடையது.

எட்வேர்டிடமும் ஓர் ஏ நாற்பது இருந்தது. அவர் அரசாங்கக் கச்சேரியில் எழுதுவினைஞர். ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிற மெதடிஸ்தர். வெறும் தெருவிலும் திரும்பும்போது கை காட்டுகிறவர். தொண்ணூற்றிரண்டில் லைசன்ஸ் புதுப்பிக்க வழி இல்லை என்று காரைக் கல்லில் ஏற்றி வைத்துவிட்டார். பிடிக்கிறதற்கு அரசாங்கப் பொலிசே இல்லாத காலத்தில், பிடித்துவிடுவார்கள் என்று பயந்து கார் ஓடாமல் இருந்தவர் குடாநாட்டிலேயே அவர் ஒருவர்தான். ஆவணி மாதம் ஒரு கலியாண ஓட்டத்துக்கு மூன்று நாள் இருக்க, மண்ணெண்ணெய் தின்று தின்று பரமலிங்கத்தின் எஞ்சின் பிஸ்ரன் வெடித்துச் செத்தது. அவர் மானிப்பாய்க்குச் சைக்கிளில் போனார். கலியாணத்துக்கு நகை இரவல் கேட்கிற குரலில் எஞ்சினை இரவல் கேட்டார். ஒரு கிழமைக்கு. இரவல் வாங்குகிறவன் ஈடாக ஒன்றை விட்டுவிட்டு வருவது வழக்கம். பரமலிங்கம் தன்னுடைய செத்த எஞ்சினை எட்வேர்டின் வளவில் விட்டுவிட்டு வந்தார்.

அந்தக் கலியாணத்துக்குப் பிறகு இன்னொரு கலியாணம் வந்தது. பிறகு பூப்படைந்த பிள்ளை ஒன்றின் சாமத்தியவீடு. பிறகு இடப்பெயர்வு, எல்லாரும் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடினார்கள், பரமலிங்கம் எட்வேர்டின் எஞ்சினில் ஓடினார். திரும்பி வந்தபோது எட்வேர்ட் அந்தச் செத்த எஞ்சினைத் தட்டியெடுத்துத் தன் காரில் பூட்டிவிட்டார் என்று கேள்விப்பட்டார். அப்பாடா என்றிருந்தது. அதன் பிறகு தேத்தண்ணிக் கடைகளில் கதை வேறு மாதிரி ஆயிற்று. "எட்வேர்டர் என்ரை எஞ்சின்ரை சத்தத்திலை மயங்கி, மாத்தித் தா மாத்தித் தா எண்டு காலிலை விழுந்தவர்." சொல்லச் சொல்ல அதில் அவருக்கே நம்பிக்கை வந்துவிட்டது.

மானிப்பாய்க்கு இப்போது காரில் போக முடியாது. பஸ்ஸில் போனார். சாரதிக்குப் பின்னால் இருந்து, கியர் மாற்றுகிற ஒவ்வொரு தடவையும் பெருமூச்சு விட்டார். உரும்பிராயில் சாரதி திரும்பிப் பார்த்து, "அப்பு, இறங்கப் போறியளோ, ஓடப் போறியளோ?" என்று கேட்டான்.

எட்வேர்ட் வளவில் காருக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருந்தார். எழுபத்துநாலு வயது. தூரத்துக்குக் கண்ணாடி தேவையில்லை.

"ஆர்?"

"நான் பரமலிங்கம். நீர்வேலி."

"ஓ. ஒரு கிழமை முடிஞ்சுதோ?"

"எட்வேர்ட் அண்ணை, அந்த எஞ்சின் விசயமா..."

"திருப்பித் தர வந்தனீரோ?"

"இல்லை. அது என்ரை எண்டு எழுதித் தரச்சொல்லிக் கேக்க வந்தனான்."

"ஐசே, உமக்கு உள்ள துணிவுக்கு நீர் ஆமியிலை இருந்திருக்க வேணும். வந்து இரும்."

விசயத்தைக் கேட்டதும் உள்ளே போய் ஒரு கோப்புடன் வந்தார். இரண்டாயிரத்துப் பத்தில் சட்டப்படி எல்லாவற்றையும் நேராக்க நினைத்து, ஈடாக விட்ட எஞ்சினைத் தன் பெயரில் பதிந்துவிட்டு, பரமலிங்கத்துக்கு மூன்று பதிவுத் தபால் போட்டிருந்தார். மூன்றின் பிரதிகளும் கோப்பில் இருந்தன. பரமலிங்கத்துக்கும் அவை ஞாபகம் இருந்தன. கையெழுத்து வைத்து வாங்கி, எழுத்தைப் பார்த்ததும் எஞ்சினைக் கேட்கிறார் என்று அடுப்புக்குள் போட்டவை.

"மூண்டாவதை வாசியும்," என்றார் எட்வேர்ட்.

வாசித்தார். 'என்னுடைய எஞ்சினை நீங்கள் உங்கள் பெயரில் பதிந்துகொள்வதற்கு எனது சம்மதத்தை இத்துடன் இணைத்துள்ளேன்.'

"உடைச்சுப் பாத்திருந்தீரெண்டால் பதினைஞ்சு வருசத்துக்கு முன்னம் முடிஞ்சிருக்கும். நீர் உந்தக் கடிதத்தை என்ன செய்தனீர்?"

"தபால் பிந்தி வந்தது," என்றார் பரமலிங்கம்.

எட்வேர்ட் அப்போதே பேனாவை எடுத்தார். இருவரும் சேர்ந்து வைக்கவேண்டிய சத்தியக்கடதாசி. எழுதி, மூக்குக்கண்ணாடிக்கு மேலால் அவரைப் பார்த்துப் பார்த்து வாசித்தார். "ஒரு கலியாணத் தேவைக்காக ஒரு கிழமைக்கு இரவலாகப் பெற்று, இன்றுவரை திருப்பிக் கொடுக்காத எஞ்சின்..."

"எட்வேர்ட் அண்ணை, 'ஒருவருக்கொருவர் மாற்றிக்கொண்ட' எண்டு போடேலாதோ?"

"சத்தியக்கடதாசி, ஐசே. நான் வேதப் புத்தகத்தைத் தொடவேணும்."

"நான் தொடத் தேவையில்லைத்தானே. நான் சைவம்."

"சைவம் எண்டால் பொய் சொல்லலாமோ?"

பரமலிங்கம் யோசித்தார். இதற்குத் தேவாரத்தில் நேரான விடை இல்லை. "அப்ப 'கொடுக்காத' எண்டதையாவது 'கொடுக்க வசதிப்படாத' எண்டு மாத்துங்கோ."

எட்வேர்ட் பேனாவைக் கன்னத்தில் தட்டினார். "சரி. அது பொய் இல்லை. உமக்கு மனவசதி இல்லை." மாற்றி எழுதினார். 'இரவல்' மட்டும் நின்றது. அதை அவர் அழிக்கவும் இல்லை, அழிக்க விடவும் இல்லை.

பரமலிங்கம் கையெழுத்து வைக்காமல் கடதாசியை மடித்துக்கொண்டு வந்தார். வைத்தால் கார் ஓடும். ஆனால் அது அலுவலகத்துக் கோப்பில் என்றைக்கும் கிடக்கும். தேத்தண்ணிக் கடையில் அவர் முப்பது வருடம் தன் காலில் விழுத்திய எட்வேர்ட் எழும்பி நடப்பார்.

சனிக்கிழமை மகள் உதயகலா, "அப்பா, எங்கை போறதெண்டாலும் நான் ஏத்திக்கொண்டு போறன்," என்றாள். தன் ஸ்கூட்டியில் அவரைப் பின்னால் இருத்தி, ரோசா நிறத் தலைக்கவசத்தையும் மாட்டிவிட்டாள். சலூனுக்குப் போய்வந்தார்கள். போகும்போது இரண்டு பேர் கை காட்டினார்கள். வரும்போது, அவர் நாற்பது வருடமாகத் தாண்டிப் போன ஓட்டோக்காரன் அவரைத் தாண்டிப் போனான். வீட்டுக்கு வந்ததும் சத்தியக்கடதாசியை மேசையில் விரித்துவிட்டு, பேனாவை மூடியபடி இருந்தார்.

மனைவி பாலேஸ்வரி வாழைக்குலை ஒன்றில் சீப்பு வெட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"என்ன, வைக்கேல்லையோ?"

"ஊர் என்ன சொல்லும்?"

"எதுக்கு?"

"இரவல் எண்டு தெரிஞ்சால்."

பாலேஸ்வரி கத்தியை வைத்தாள். "ஐயோ, அது ஊருக்கு எப்பவோ தெரியும். எட்வேர்ட் அண்ணை உங்கடை காலிலை விழுந்த கதையைத் தொடங்கினால், எந்தக் காலெண்டு பொடியள் பந்தயம் பிடிக்கிறவங்கள். ஒரு நாள் வலது எண்டு சொல்லுவியள், ஒரு நாள் ரெண்டும் எண்டு சொல்லுவியள்."

பரமலிங்கம் மனைவியைப் பார்த்தார். இத்தனை காலமும் அவள் சொல்லவில்லை. அதில் கருணை இருந்ததா பொழுதுபோக்கு இருந்ததா என்று அவருக்குப் பிடிபடவில்லை. பேனாவைத் திறந்து கையெழுத்து வைத்தார். 'இரவல்' என்ற சொல்லை மறைக்கும்படி கையெழுத்தின் வாலைக் கொஞ்சம் நீட்டிப் பார்த்தார். எட்டவில்லை.

திங்கட்கிழமை காலை எட்வேர்ட் தன் காரில் நீர்வேலிக்கு வந்தார். பரமலிங்கம் தன் காரில் ஏறித் திறப்பைத் திருகப் போனார்.

"நில்லும்," என்றார் எட்வேர்ட். "றோட்டுக்கு வரக்கூடாதெண்டு எழுதியிருக்கு."

"பரிசோதகரிட்டைத்தானே போறம். அதுக்குப் போகலாம். முதலும் ஓடித்தான் போனனான்."

"அப்பிடி இதிலை எழுதேல்லை."

டிக்கியிலிருந்து கயிற்றை எடுத்தார். கையோடு கொண்டுவந்திருந்த மட்டையில் 'இழுக்கப்படும் வாகனம்' என்று மூன்று மொழியிலும் எழுதியிருந்தது. அதைப் பரமலிங்கத்தின் காருக்குப் பின்னால் தொங்கவிட்டார்.

கோப்பாய், இருபாலை, கல்வியங்காடு, நல்லூர். நாற்பத்தெட்டு வருடம் ஓடிய தெருவில் பரமலிங்கம் முதல் தடவையாக இழுபட்டுப் போனார். முன்னால் இழுத்தது அவருடைய சொந்த எஞ்சின். ஒரு தட்டல் இல்லை, ஒரு புகை இல்லை. எட்வேர்ட் அதை வளர்த்திருந்த விதத்தைக் கேட்கவே எரிச்சலாக இருந்தது. கல்வியங்காட்டுச் சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருந்த ஒருவன், "பரமலிங்கத்தார், கால் நோகுதோ?" என்று கூப்பிட்டான். பாலேஸ்வரி பொய் சொல்லவில்லை.

அலுவலகத்தில் பரிசோதகர் கடதாசியை உரக்க வாசித்தார். பதிவதற்கு முன் வாசித்துக் காட்ட வேண்டுமாம். வாங்கில் பதினைந்து பேராவது இருந்தார்கள். "...இரவலாகப் பெற்று, இன்றுவரை திருப்பிக் கொடுக்க வசதிப்படாத... இது நீங்களோ ஐயா?"

"ஓம். நான்தான்."

ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லாரும் தங்கள் தங்கள் கடதாசியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவ்வளவு சின்ன விசயத்துக்கா இவ்வளவு காலம் என்று பரமலிங்கத்துக்குக் கோபம் வந்தது. யாராவது ஒருவர் சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கடதாசியிலும் தகுதிப் பத்திரத்திலும் முத்திரை விழுந்தது. எஞ்சின் அவருடையதாயிற்று.

வெளியே வந்ததும் கயிற்றைக் கழற்றினார். பாலேஸ்வரி போன் எடுத்து, எட்வேர்ட் அண்ணையைச் சாப்பிடக் கூட்டி வரும்படி சொன்னாள். எட்வேர்ட் மறுப்பார் என்று பரமலிங்கம் எதிர்பார்த்தார். "என்ன கறி?" என்று கேட்டுவிட்டு எட்வேர்ட் காரில் ஏறினார்.

எட்வேர்ட் முன்னால் போனார். முப்பது கிலோமீற்றர் வேகம். அதற்கு மேல் முள் ஏறவில்லை. நல்லூர் தாண்டியதும் பரமலிங்கம் முந்துவதற்காக வலது சிக்னலைப் போட்டார். தெரு நடுவே முறியாத வெள்ளைக் கோடு. இரண்டு கிழமைக்கு முன்னர் என்றால் அந்தக் கோட்டை அவர் கண்டே இருக்கமாட்டார். இப்போது மடியில் தகுதிப் பத்திரம் கிடந்தது. முத்திரை மை இன்னும் காயவில்லை.

ஒரு சைக்கிள் இருவரையும் தாண்டிப் போனது. பின்னால் பஸ் ஒன்று ஹோர்ன் அடித்தது. பரமலிங்கம் கண்ணாடியை இறக்கி, கையை வெளியே போட்டு, முன்னால் எட்வேர்டைக் காட்டினார். பிறகு வாய்க்குள் வந்த அத்தனை தூசணத்தையும் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு, சிக்னல் மினுங்க, கோட்டுக்கு இந்தப் பக்கமாகவே கோப்பாய் வரை போனார்.