பதினான்கு அங்குல வாளுக்கு ஆறு அங்குல வாய்

செவ்வாய்க்கிழமை காலை. வவுனியாவிலிருந்து லொறியில் வந்திறங்கிய புது பாண்ட் சோ முற்றத்தில் மினுங்கிக்கொண்டு நிற்கிறது. இரண்டு சில்லுகளில் நாடாபோல ஓடுகிற வாள். பக்கத்தில் ஒரு வேப்பங்குத்தி, அடிமரத் துண்டு. லேத்தில் ஏற்றிக் கிண்ணம் கடைவதற்குமுன் அதை வட்டமாக வெட்டியெடுக்க வேண்டும். குத்தியின் குறுக்களவு பன்னிரண்டு அங்குலம். மெசினோ பதினான்கு அங்குலம். கணக்குச் சரிதானே?

தூக்கி வைத்தேன். போகவில்லை. திருப்பி வைத்தேன். போகவில்லை. அளந்து பார்த்தால்... வாளின் வாய்க்குள் ஆறு அங்குலத்துக்கு மேல் எதுவும் நுழையாது!

கடைக்குப் போன் எடுத்தேன்.

"தம்பி, பதினாலு இஞ்ச் எண்டுதானே தந்தனீர்?"

"ஓம் அண்ணை. அது சில்லின்ரை அளவு."

"அப்ப வெட்டுற உயரம்?"

"அதை நீங்கள் கேக்கேல்லையே!"

கேட்கவில்லைதான். பானை வாங்கும்போது வாய்க்குள் அகப்பை போகுமா என்று கேட்டா வாங்குகிறோம்?

அது வெறும் குத்தியென்றால் பரவாயில்லை. கண்டாவளை லீலாக்கா, போர் முடிந்து முகாமிலிருந்து திரும்பிய கிழமையே தறப்பாள் கொட்டிலுக்குப் பக்கத்தில் நட்ட வேம்பு. போன மாதம் மின்கம்பி இழுக்க வந்தவர்கள் தறித்துவிட்டார்கள். "விறகாக்க மனம் வரேல்லைத் தம்பி. ஒரு கிண்ணமெண்டாலும் கடைஞ்சு தாரும்" என்று அடிமரத்தைத் தந்திருந்தார்.

பச்சை மரம் காத்திருக்குமா? வெட்டுமுகத்தின் நடுவே முதலில் மயிரளவு கோடு. மறுநாள் நூலளவு. வெயில் நீவி நீவி அதை விரித்துக்கொண்டிருந்தது.

அறிவுரைக்கு மட்டும் பஞ்சமில்லை. "பதினெட்டு எடுத்திருக்கலாம்" என்றான் மச்சான். "இருபதுக்குக் குறைஞ்சதெல்லாம் விளையாட்டுச் சாமான்" என்றார் பூநகரி நண்பர். வீட்டுக் கரண்ட் தாங்குமா? இலக்கம் சொல்கிற ஒருவரும் குத்தியை வந்து பார்ப்பதில்லை!

வெள்ளிக்கிழமை லீலாக்காவே வந்துவிட்டார். வெடிப்பு பென்சில் நுழையுமளவு.

"என்ன தம்பி, மெசின்ரை வாய்க்குள்ளை முழுசாவே தீத்தப் பாக்கிறீர்? பூசணிக்காயை முழுசாச் சட்டியிலை போடுறதே? பிளவும்."

"பிளந்தாப் பழுதாப் போயிடும் அக்கா!"

"அது தானாப் பிளக்குது. நீர்தான் மெசினைப் பாத்துக்கொண்டு நிக்கிறீர்."

வெடிப்பிலேயே ஆப்பை வைத்து அடித்தேன். இரண்டு பாதி. பிளந்த பக்கத்தைச் சீவியபின் உயரம் ஐந்தரை அங்குலம். ஒரு பாதி உள்ளுக்குள்ளும் வெடித்திருந்தது... அது விறகுதான். மற்றதைத் தட்டைப் பக்கம் கீழாக வைத்துத் தள்ளினேன். வாள் வளைந்து, வளைந்து, ஒரு முழு வட்டம். முற்றமெங்கும் கசப்பு மணம்.

லீலாக்கா வட்டத்தைக் கையில் ஏந்தி, சேலைத் தலைப்பால் துடைத்தார். பிறகு குனிந்து வாள்தூளை ஷொப்பிங் பையில் அள்ளினார் — மாட்டை நுளம்பு கடிக்காமல் புகை போடவாம்.

நேற்றுக் கடைக்காரத் தம்பி போன் எடுத்தார். "அண்ணை, பதினெட்டு வந்திருக்கு. மாத்துவமே?"

"எது பதினெட்டு? சில்லோ, வாயோ?"

பெரிய இலக்கத்தோடு யார் வந்தாலும் இனி என் முதல் கேள்வி இதுதான்.