ஆறாவது வழி

மன்னூபியா முதுகு தேய்க்கும்போதுதான் கேட்பாள். குளியல்கூடத்துச் சூட்டுக்கல்லில் குப்புறக் கிடக்கும் பெண்ணின் இடது தோளில் சொரசொரக் கையுறையை வைத்து ஓர் அழுத்து அழுத்தி, "அடி ஜினைனா, உன் வீட்டுக்காரன் லாரி சும்மாத்தானே நிக்குது?" என்பாள். எங்கே ஓடுவது? உடம்பில் துணி கிடையாது. முதுகு வேறு பாதிதான் முடிந்திருக்கும்.

"சும்மாத்தான் நிக்குது, மன்னூபியா."

"அப்போ சனிக்கிழமை சபீலுக்கு ரெண்டு நடை சுண்ணாம்பு வந்துடும்."

வந்துவிட்டது.

சபீல் என்பது எங்கள் தெருமுனையில் நிற்கும் பழைய நீரூற்று. போகிறவர் வருகிறவர் குடிக்கட்டும் என்று யாரோ கட்டிவைத்த சுவர். அது வற்றி நாற்பது வருடமாகிறது. அக்டோபருக்குள் பழுது பார்க்காவிட்டால் இடிப்போம் என்று நகராட்சி தாள் ஒட்டியதும்தான் பேட்டைக்கே முழிப்பு வந்தது. எனக்கு எப்போதோ வந்துவிட்டது. பேட்டையின் பழங்கட்டடச் சங்கத்துக்குப் பத்தொன்பது வருடமாக நான்தான் செயலாளர். 'சங்கத்துக்கு உதவ ஆறு வழிகள்' என்று துண்டறிக்கை எழுதி அச்சடித்தவளும் நானே. உறுப்பினராகுங்கள், ஒரு மணி நேரம் தாருங்கள், ஒரு கருவி இரவல் தாருங்கள் என்று அழகாக வரிசைப்படுத்தியிருந்தேன். குளியல்கூடத்துப் பெண்கள் அதன்மேல் ஆரஞ்சுத் தோலை உரித்துப் போடுகிறார்கள்.

மன்னூபியாவுக்கு எழுத்து வாசனையே கிடையாது. முழங்கை வரை உரமேறிய கை, ஒரு தங்கப்பல், இடுப்பில் எப்போதும் ஈரமான கோடுபோட்ட துண்டு. ஆரஞ்சை விதையோடு விழுங்குவாள். தண்ணீர் மொள்ள ஒரு செம்பு வாளி வைத்திருக்கிறாள். குளியல்கூட முதலாளியம்மாவே அதைத் தொட்டால், "கையை எடு" என்பாள். ஆவிக்குள் எல்லாரும் அவளுக்கு 'நீ', 'அடி'. வாசலில் துணி உடுத்திக்கொண்டு நின்றால் அதே ஆள் 'லெல்லா', அதாவது அம்மணி, 'நீங்க'. இந்த மரியாதையில் அவள் ஒருநாளும் தவறியதில்லை.

சாரம் கேட்டு ஒரு கட்டட ஒப்பந்தக்காரருக்கு நான் பதினொரு கடிதம் போட்டேன், சங்கத்து முத்திரையோடு. பதில் இல்லை. மன்னூபியா அவருடைய மாமியாருக்கு ஒரு தடவை முதுகு தேய்த்தாள். மறுநாள் காலை சாரம் வந்து இறங்கியது. கொத்தனார்களுக்கு மதியம் கொண்டைக்கடலைக் கஞ்சி ஒரு வீட்டிலிருந்து, ரொட்டி இன்னொரு வீட்டிலிருந்து. குழாய் போட யாரோ ஒருத்தியின் மகன். இப்போது பேட்டையே அதை 'மன்னூபியா சபீல்' என்கிறது. எனக்கு வயிறு எரிந்தது. ஏன் மறைக்க வேண்டும், இன்னும் எரிகிறது.

போன வாரம் நகராட்சிப் பொறியாளர் வந்தார். சுற்றிப் பார்த்தார். "பளிங்குத் தொட்டி எங்கேம்மா? தொட்டி இல்லேன்னா இது வெறும் சுவர். வெறும் சுவருக்கு என்னால கையெழுத்துப் போட முடியாது. வியாழக்கிழமை வர்றேன், அப்பவும் இல்லேன்னா இடிக்கச் சொல்லிடுவேன்."

தொட்டி என்றோ களவு போய்விட்டது என்பதுதான் ஊர்ப்பேச்சு. மன்னூபியா நான்கு நாள் ஒவ்வொரு முதுகாகக் கேட்டாள். ஒன்றும் கிடைக்கவில்லை. எனக்கு உள்ளூரக் குளிர்ந்தது. ஒரு தடவையாவது இவள் கை வெறுங்கையாகத் திரும்பட்டும் என்று நினைத்தேன். அந்தச் சுவருக்காகப் பத்தொன்பது வருடம் அலைந்த நான்தான் இப்படி நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை குளிக்கப் போனேன். எப்போதும் போல இடது தோளில் கையுறை விழுந்தது. நான் தயாராகத்தான் இருந்தேன். ஆனால் அவள் கேட்டது வேறு.

"அடி ஜலீலா, உன் தாள்ல ஆறாவதா என்ன எழுதினே? எனக்குத்தான் வாசிக்கத் தெரியாதே. நீ சொல்லு."

எழுதியவளுக்கு மனப்பாடம்தான். 'பழைய கட்டடங்களிலிருந்து எடுத்த கல்லோ கதவோ உங்கள் வீட்டில் இருந்தால் திருப்பித் தாருங்கள்.' முகத்தைக் கல் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

தேய்ப்பது நிற்கவில்லை. குரலை மட்டும் இறக்கினாள். "உங்க அம்மா முதுகையும் நான்தான் தேய்ச்சேன், கண்ணு. சாகிற வரைக்கும்."

எங்கள் முற்றத்தில், படிக்கட்டுக்குக் கீழே, அந்தத் தொட்டியில் துளசிபோல மணக்கும் ரீஹான் செடி வளர்கிறது. ஊற்று வற்றிய வருடம் அப்பா அதைத் தூக்கிவந்தார். "பத்திரமா இருக்கட்டும்" என்றார். நானும் அதையேதான் இத்தனை வருடமும் எனக்குச் சொல்லிக்கொண்டேன். செடி அம்மா வைத்தது.

"நாளைக்குக் காலையில வா" என்றேன், கல்லைப் பார்த்தபடியே.

புதன்கிழமை தள்ளுவண்டியோடும் இரண்டு கொத்தனார்களோடும் வந்தாள். உள்ளே நுழைந்ததும் மூத்த கொத்தனார் வாயைப் பிளந்தார். "இது இங்கே எப்படி வந்துச்சு?"

நான் வாயைத் திறப்பதற்குள் மன்னூபியா முந்திக்கொண்டாள். "லெல்லா ஜலீலா தேடிக் கண்டுபிடிச்சுக் கொண்டாந்து வச்சிருக்காங்க. செயலாளர்னா சும்மாவா? பேச்சை விட்டுட்டுக் கயிறைக் கொண்டா."

பொய்யையும் என்னைவிட நன்றாகச் சொல்கிறாள். அதற்கும் எனக்கு வயிறு எரிந்தது.

கொத்தனார்கள் கயிறெடுக்கப் போனதும் அவள் தொட்டியருகே குந்தினாள். விரல்களை மண்ணுக்குள் ஆழமாக விட்டு, ஒரு வேர் அறாமல் அம்மாவின் செடியைத் தூக்கினாள். அதை எங்கே வைப்பது என்று நான் சுற்றுமுற்றும் பார்த்தேன். அவள் வண்டியிலிருந்து தன் செம்பு வாளியை எடுத்து, அதில் செடியை இறக்கி, மண்ணைப் போட்டு அழுத்தி, தூக்கி என் கையில் கொடுத்தாள்.